கொள்ளிடத்துக்கு இரண்டு கையெழுத்து

1

ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த சமயத்தில்தான் அலுவலகம் என்னை அரியலூருக்கு அனுப்பியது.

விண்ணப்பம் ஒரு விசித்திரமான இடத்தில் சிக்கி நின்றது. என் பிறப்புச் சான்றிதழில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்று இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் பெரம்பலூர் மாவட்டம். பாஸ்போர்ட்டில் அரியலூர் மாவட்டம். ஊர் ஒன்றுதான். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில், முந்திரிக்காடுகளுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர். அது இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டங்கள்தாம் அதன்மேல் ஒன்று மாற்றி ஒன்று வந்து போயின. ஹாம்பர்க் நகர அலுவலகத்தில் இதை விளக்கினேன். அந்த அதிகாரி மூன்று தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். "எங்கே பிறந்தீர்கள் என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே எனக்கு உதவுவதாகத்தான் நினைத்துச் சொன்னார்.

வீட்டில் இதைச் சொன்னபோது மகள் இனியா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குப் பதினான்கு வயது. நான் தமிழில் பேசுவேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். சாப்பாட்டு மேசையில் இரண்டு மொழியும் இப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அன்று மட்டும் தமிழில் கேட்டாள்: "மூணு தடவ பிறந்தியா அம்மா?"

குடியுரிமைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. நிலையான வேலை இருக்க வேண்டும். அதனால்தான், சட்டப் பிரிவு அழைக்கிறது என்று அலுவலகத்தில் செய்தி வந்தபோது, என் வேலை ஒப்பந்தத்தை எடுத்து ஒரு தடவை படித்துவிட்டுப் போனேன்.

2

எங்கள் நிறுவனம் லாரிகளை எடைபோடும் இடங்களுக்கு மென்பொருள் செய்து விற்கிறது. துறைமுகம், கல்குவாரி, மணல் கிடங்கு என்று எங்கே சரக்கு ஏறினாலும், லாரி காலியாக எவ்வளவு, நிறைந்து எவ்வளவு என்று பதிவாக வேண்டும். அந்தப் பதிவுகளைச் சேமிக்க முன்பு ஒரு பெரிய கம்பெனியின் டேட்டாபேஸைப் பயன்படுத்தி வந்தோம். வருடா வருடம் அதன் உரிமக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் நிர்வாகம் பொறுமையிழந்து, யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இறக்கிப் பயன்படுத்தலாம் என்கிற திறமூல டேட்டாபேஸுக்கு மாறியது. மாறி முடித்த அன்று கேக் வெட்டினார்கள். இனி நமக்கு யாரும் பில் அனுப்ப முடியாது என்று முதலாளி பேசினார்.

அதோடு கூடவே, யார் யாரோ எழுதி வெளியிட்டிருந்த துணைநிரல்களும் எங்கள் மென்பொருளுக்குள் வந்து சேர்ந்தன. அதில் ஒன்றை எல்லோரும் 'கோலிடாம்' என்பார்கள். எடைமேடைக்கும் தலைமையகத்துக்கும் நடுவே இணைப்பு அறுந்தால், பதிவுகளைத் தன்னிடம் தேக்கி வைத்திருந்து, இணைப்பு வந்ததும் அனுப்பிவைப்பது அதன் வேலை. பதிவுகள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வதால், மோதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பெயர் வந்திருக்கும் என்று என் மேலாளர் உல்ரிக்கே சொன்னார். நான் திரைகளை வடிவமைக்கும் பிரிவில் இருந்தேன். அந்தப் பெயர் காதில் விழுந்ததோடு சரி, எழுத்தில் பார்த்ததில்லை.

சட்டப் பிரிவு அறையில் ஒரு வழக்கறிஞர் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். ஆங்கில எழுத்துகளில் இருந்த பெயரை வாய்க்குள் படித்தேன். கொள்ளிடம். ஆசிரியர் பெயர்களுக்கு நேரே ஊர் போட்டிருந்தது: அரியலூர் மாவட்டம், தமிழ்நாடு.

விஷயம் இதுதான். எங்கள் நிறுவனத்தை ஒரு பெரிய நிறுவனம் வாங்கப் போகிறது. வாங்குகிறவர்களின் வழக்கறிஞர்கள் எங்கள் நிரல் முழுவதையும் சலித்துப் பார்த்தபோது கொள்ளிடம் அகப்பட்டது. அதன் உரிமம் கண்டிப்பானது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மாற்றி விற்றால், விற்கிற பொருளின் மூலநிரலையும் வாங்குகிறவர்களுக்கு அதே உரிமத்தில் திறந்து கொடுத்துவிட வேண்டும். நாங்களோ அதை மாற்றி, எங்கள் மென்பொருளின் வயிற்றுக்குள்ளேயே வைத்துத் தைத்திருந்தோம். சட்டப்படி பார்த்தால் வயிறு முழுவதையும் திறந்து காட்ட வேண்டும். இல்லையென்றால், எழுதியவர்களிடம் போய்த் தனி உரிமம் கேட்க வேண்டும்.

எழுதியவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். நேரில் வந்து பேசுங்கள் என்று ஒரு வரியில் பதில் வந்திருந்தது.

"அது உன் ஊர்தானே?" என்றார் உல்ரிக்கே. பக்கத்து ஊர் என்றேன். வேறெந்தக் கூட்டத்திலும் நான் எந்த ஊர் என்று யாரும் கேட்டதில்லை. விற்பனை நடக்காவிட்டால் பாதிப் பேருக்கு வேலை இருக்காது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரியும்.

3

திருச்சியில் இறங்கி பெரம்பலூர் பஸ் ஏறினேன். கண்டக்டர் "பெரம்பலூர் ஒண்ணா?" என்று கேட்க, ஆமாம் என்பதற்கு வாயில் ஜெர்மன் சொல்தான் வந்தது. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

பதில் எழுதியிருந்த ரவிச்சந்திரனின் அலுவலகம் பெரம்பலூரில்தான், புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ப்புறம், மாடியில் இருந்தது. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் இருக்கிற எடைமேடைக் கணினிகளைப் பராமரிப்பவர். என் வயதுதான் இருக்கும். வெள்ளைக்காரர்கள் வருவார்கள் என்று நினைத்துப் பக்கத்துக் கடையில் நல்ல நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தாராம். என் ஊரைச் சொன்னதும் அதைச் சொல்லிச் சிரித்தார்.

பேச்சு விஷயத்துக்கு வந்ததும் நேராகவே பேசினார். கொள்ளிடத்தை எழுதியது அவரும் செந்திலும். இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். செந்திலுக்குச் சொந்த ஊர் கொள்ளிடக் கரையில் இருக்கிற திருமழபாடி. பெயர் வைத்ததும் அவர்தான். சுரங்கத்து எடைமேடைகளில் கரண்டும் நெட்டும் நினைத்தபோது போகும், நினைத்தபோது வரும் என்பதால் இருவரும் அதை எழுதினார்கள். ரவிக்கு அதை யாரும் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று தளர்வாக வெளியிடத்தான் விருப்பம். செந்தில் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் முன்பு எழுதிய ஒரு நிரலை வெளியூர்க் கம்பெனி ஒன்று எடுத்துப் பெயர் மாற்றி, இதே சுரங்கங்களுக்கு விற்றது. அது பழுதானபோது சரிசெய்ய இவர்களையே கூப்பிட்டார்கள். மூலநிரலைக் கேட்டால் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தாங்கள் எழுதியதைத் தாங்களே பார்க்க முடியாத நிலை. அதற்குப் பிறகு செந்தில் தேடிப் பிடித்ததுதான் இந்தக் கண்டிப்பான உரிமம்.

"பணம் தரேன்னு உங்க கம்பெனி எழுதியிருக்கு. எனக்கு ஆச இல்லன்னு சொன்னா பொய்" என்றார் ரவி. "ஆனா நான் மட்டும் போட்டா செல்லாது மேடம். பாதிக்கு மேல அவன் எழுதுனது. அவன் இப்ப இல்ல."

செந்தில் இரண்டு வருடங்களுக்கு முன்பு சாலை விபத்தில் இறந்துபோயிருந்தார். அவருடைய உரிமை இப்போது அவர் மனைவி ஜெயந்திக்கு. அவர் கையெழுத்துப் போட்டால் தானும் போடுவதாக ரவி சொன்னார். ஆனால் நான் போய்க் கேட்க மாட்டேன், நீங்கள்தான் கேட்க வேண்டும் என்றும் சொன்னார்.

அப்போது அவருக்கு போன் வந்தது. அரியலூர் போகிற வழியில் ஒரு சுரங்கத்து எடைமேடையில் தகராறு. என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வாசலில் லாரிகள் புழுதிக்குள் வரிசையாக நின்றன. பதிவு போய்க்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதில் ஒரே லோடு கணக்கில் இரண்டு தடவை ஏறியிருந்தது. ஒரு லோடைக் கணக்கில்லாமல் வெளியே கடத்திவிட்டதாக ஓட்டுநர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. காவலாளி லாரிச் சாவியை வாங்கி வைத்திருந்தார்.

"நான் திருடலங்க" என்று அந்த ஓட்டுநர் ரவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். நடு வயது மனிதர். சத்தம் போடவில்லை. அடுத்து யார் வந்தாலும் அதையே சொன்னார். என்னிடமும் சொன்னார்.

ரவி உள்ளே உட்கார்ந்து கையால் ஒரு பதிவை நீக்கி, மேலாளரிடம் விளக்கி, சாவியை வாங்கிக் கொடுத்தார். மாதத்தில் சில தடவை இப்படி ஆகிவிடுகிறது என்றும், செந்தில் இருந்தால் கண்டுபிடித்திருப்பான், தன்னால் முடியவில்லை என்றும் திரும்பும் வழியில் சொன்னார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பிழையை எனக்குத் தெரியும். ஹாம்பர்க்கில் எங்கள் ஆட்கள் அதை எப்போதோ சரிசெய்துவிட்டார்கள். அதற்காகத் திரையில் வந்துகொண்டிருந்த எச்சரிக்கையை எடுத்ததே நான்தான். சில வரிகளில் முடிகிற திருத்தம். அது எங்கள் நிறுவனத்தின் பூட்டிய நிரலுக்குள் இருந்தது. வெளியே சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

4

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அரியலூரிலிருந்து டவுன் பஸ் பிடித்துத் திருமழபாடி போனேன். ஜெயந்தி ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். கொடியில் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. நான் வரப்போவதை ரவி போனில் சொல்லியிருந்தார். காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, நேரத்தை வீணாக்காமல் கேட்டார்.

"கையெழுத்துப் போட்டா என்னக்கா மாறும்?"

வழக்கறிஞர்கள் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன். இதுவரை வெளியானது அப்படியே எல்லோருக்கும் திறந்திருக்கும், உங்களுக்கு ஒரு தொகை வரும், உங்கள் கணவர் பெயர் அப்படியே இருக்கும், எதுவும் மாறாது என்றேன்.

"ஒண்ணும் மாறாதுன்னா எதுக்கு என் கையெழுத்து?"

வழக்கறிஞர்கள் தந்திருந்த குறிப்பைப் புரட்டினேன்.

கணவர் பெயர் இருக்கிற இடத்தைக் காட்டச் சொன்னார். கைபேசியில் கொள்ளிடத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். இரண்டு பெயர்கள் இருந்தன. செந்தில் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது அவர் எப்போதும் ஒரு எழுத்தை விட்டுவிடுவாராம். அதனாலேயே ஒரு தடவை ஆஸ்பத்திரிச் சீட்டும் ஆதாரும் ஒத்துப்போகாமல் அலைந்தார்களாம். "இங்கயும் அப்படியே விட்டிருக்காரு பாருங்க" என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். முகத்தில் சிரிப்பா வேறென்னவா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் திட்டமிட்டிராத ஒன்றைச் செய்தேன். நேற்று சுரங்கத்தில் பார்த்ததைச் சொன்னேன். அந்த ஓட்டுநரைப் பற்றிச் சொன்னேன். அதற்குத் திருத்தம் எங்களிடம் இருக்கிறது என்றும், நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது எங்களிடமே இருந்துவிடும், இங்கே வராது என்றும் சொல்லிவிட்டேன்.

ஜெயந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரவி அண்ணன்ட்ட இத சொன்னீங்களா?"

"இல்லங்க. ஆபீஸ் விஷயம், வெளில சொல்லக் கூடாது."

"அப்ப என்கிட்ட ஏன் சொன்னீங்க?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். பதில் சொல்லும்வரை காத்திருக்கும் பழக்கம் அவருக்கு வேலையில் வந்திருக்க வேண்டும். எனக்கே தெரியவில்லை என்று கடைசியில் சொன்னேன்.

"உங்க ஆபீஸ் சொல்லச் சொன்னத சொல்லிட்டீங்க" என்றார். "நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு வாங்கக்கா. அப்பறம் போடுறேனா இல்லையான்னு நான் சொல்றேன்."

வாசல்வரை வந்து பஸ் வரும் நேரம் சொல்லி அனுப்பினார். கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

5

ஊரில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். அடுத்த இரண்டு நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாடு இறங்கவில்லை என்று அண்ணி கவலைப்பட்டார். வேலை போனால் என்ன ஆகும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். வீட்டுக் கடன், இனியாவின் படிப்பு, நின்றுகொண்டிருக்கும் குடியுரிமை. இனியாவுக்கு போன் செய்தால், அவள் தோழிகளோடு எங்கேயோ இருந்தாள். உன் ஊர் எப்படி இருக்கிறது என்று ஜெர்மனில் கேட்டாள். 'நம் ஊர்' என்று அவள் சொல்ல மாட்டாள், எதிர்பார்க்கவும் கூடாது என்று தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் எதிர்பார்க்கிறேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மொட்டை மாடியில் நின்று உல்ரிக்கேயைக் கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்த அளவில் ஒரு வழியைச் சொன்னேன். கொள்ளிடத்தை நம் மென்பொருளின் வயிற்றிலிருந்து வெளியே எடுத்துத் தனி நிரலாக ஓட விடலாம். அதில் நாம் செய்த எல்லாத் திருத்தங்களையும் அதே உரிமத்தில் வெளியிட்டுவிடலாம். நம்முடைய மீதி நிரல் நம்முடையதாகவே இருக்கலாம். இதுவரை உரிமத்தை மீறியதற்கு மட்டும் அவர்களிடம் சமாதானக் கையெழுத்துக் கேட்கலாம்.

உல்ரிக்கே எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"இது அவர்கள் வைக்கிற நிபந்தனையா?" என்றார்.

"இல்லை. என்னுடையது."

"வளர்மதி, உன்னை யோசனை கேட்டு அனுப்பவில்லை."

"தெரியும். ஆனால் சரியானது இதுதான் என்று நினைக்கிறேன். அதைச் சொல்லாமல் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக என்னால் முடியாது."

நான் அவரிடம் இப்படிப் பேசியதே இல்லை. முதலாளியிடம் பேசிவிட்டுச் சொல்வதாகவும், அதுவரை யாரிடமும் எதுவும் பேச வேண்டாம் என்றும் சொல்லி வைத்துவிட்டார். நான் கிளம்பும் நாள்வரை பதில் வரவில்லை. ஜெயந்திக்கு போன் செய்து, என் எண்ணத்தைச் சொல்லிவிட்டேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். சரிங்கக்கா என்றார். ஒரு கையெழுத்தும் வாங்காமல் விமானம் ஏறினேன்.

6

அதற்குப் பிறகான வாரங்கள் நன்றாக இல்லை. என்னைக் கையெழுத்து வாங்க அனுப்பினால் கருத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று முதலாளி கூட்டத்தில் சொன்னார். சில பேர் உணவு அறையில் என் மேசைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். உல்ரிக்கே மட்டும் அந்த யோசனையை விடாமல் எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். ஆச்சரியம் என்னவென்றால், வாங்க வந்தவர்களின் வழக்கறிஞர்களுக்கு அது பிடித்துப்போனது. காசு கொடுத்து வாங்கிய கையெழுத்தை நாளைக்கு யாராவது கேள்வி கேட்கலாம், திறந்து வைத்துவிட்டால் கேட்க ஒன்றுமில்லை என்று அவர்கள் சொன்னார்களாம்.

பிரித்தெடுக்கும் வேலை இழுத்துக்கொண்டே போனது. விற்பனை தள்ளிப்போனது, விலையும் குறைந்தது. எங்கள் திரைப் பிரிவில் இரண்டு பேருக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அதில் ஒருவன் எனக்கு ஜெர்மன் இலக்கணம் திருத்திக்கொடுத்தவன். விடைபெறும்போது கை கொடுத்தான், ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை. நான் செய்தது சரி என்று இன்றும் நம்புகிறேன். அவன் முகம் நினைவுக்கு வரும்போது அந்த நம்பிக்கையை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

திருத்தங்கள் வெளியான பிறகு ஜெயந்தி கையெழுத்துப் போட்டார். அடுத்து ரவி போட்டார். நிறுவனம் ஒரு தொகை கொடுத்தது. ரவி சந்தோஷமாக வாங்கிக்கொண்டார், ஜெயந்தி கொஞ்ச நாள் யோசித்து வாங்கிக்கொண்டார். அந்தப் பிழைத் திருத்தத்தை எல்லா எடைமேடைகளிலும் ஏற்றிவிட்டு ரவி என்னைக் கூப்பிட்டார். இது முன்னமே இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். காரில் வரும்போதே தெரியுமா என்றார். தெரியும் என்றேன். "ம்" என்று மட்டும் சொன்னார். அந்த 'ம்' எனக்குள் இன்னும் அடங்கவில்லை.

குடியுரிமை அலுவலகத்திலிருந்தும் கடிதம் வந்தது. பிறந்த இடம் என்பதற்கு நேரே மாவட்டம் எதுவும் போடாமல் ஊர்ப் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்கள். வந்து சான்றிதழ் வாங்கிக்கொள்ளத் தேதி கேட்டிருக்கிறார்கள். வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். என் கணவர் தேதியைச் சொல் சொல் என்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை.

என்னைத் திரைப் பிரிவிலிருந்து எடுத்து, திறந்துவிட்ட கொள்ளிடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் போட்டிருக்கிறார்கள். யாரும் போட்டியிடாத இடம். போன மாதம் அதில் முதன்முதலாக நானே ஒரு மாற்றம் எழுதி அனுப்பினேன். இப்போது கொள்ளிடத்தில் எதைச் சேர்ப்பது என்பதை ரவியும் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சுரங்கத்துக் கணினிகள் பழையவை, இது அவற்றில் ஓடாது என்று பொதுப்பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி, தமிழிலேயே எழுதியிருந்தார். உல்ரிக்கே அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, திருத்தி எழுது என்றார்.

சனிக்கிழமை காலையில் அதைத் திருத்திக்கொண்டிருந்தபோது இனியா பின்னால் வந்து நின்றாள். வார இறுதித் தமிழ் வகுப்பை விட்டு வெகுநாளாகிறது. எழுத்துகள் மட்டும் நினைவிருக்கின்றன. திரையைப் பார்த்து "வேண்... டாம்" என்று கூட்டிப் படித்தாள்.

"யாரு இது? உன் பாஸா?" என்று தமிழிலேயே கேட்டாள்.

"இல்ல."

"நம்ம சொந்தக்காரங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு அவரு வேண்டாம்னா நீ மாத்துற?"

"ரெண்டு பேருமா பாக்குற வேலை இது" என்றேன்.

அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரவி எழுதியிருந்த அடுத்த வரியைக் கூட்டிப் படிக்கத் தொடங்கினாள்.